போன சீட்டும் திரும்பாத பதிலும்

"மேல்சிகிச்சைக்காகச் சென்னைக்கு அனுப்பிவைக்கப்பட்டார்." தமிழ் நாளிதழ் படிப்பவர்களுக்கு இந்த வாக்கியம் மனப்பாடம். வாலாஜாபாத் சாலையில் விபத்து, உத்திரமேரூர் வயலில் பாம்புக்கடி, ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் காயம் என்று செய்தி எதுவானாலும் பெரும்பாலும் இந்த வரியோடு முடிந்துவிடும். அவர் போய்ச் சேர்ந்தாரா, எத்தனை மணிக்குச் சேர்ந்தார், அங்கே கட்டில் கிடைத்ததா, வீடு திரும்பிய பிறகு அவரை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதெல்லாம் செய்திக்கு வெளியே நின்றுவிடுகின்றன. நாளிதழுக்கு அது தெரியாமல் போவதில் வியப்பில்லை. கவலை தருவது, அனுப்பிவைத்த மருத்துவருக்கும் பல நேரம் அது தெரியாமலே போவதுதான். "ரெஃபர் பண்ணியாச்சு" என்றதும் அந்த நோயாளியின் கணக்கு அங்கே மூடப்படுகிறது. அனுப்புவதும் சேர்வதும் திரும்புவதும் சேர்ந்த ஒரே செயலுக்குத்தான் பரிந்துரை என்று பெயர். பெரிய மருத்துவமனையிலிருந்து பதில் வந்து சேர்ந்தால்தான் சிறிய மருத்துவமனை எழுதிய சீட்டு வேலை முடித்ததாகும். தரவுப் பகுப்பாய்வு என்று இன்று பேசப்படும் கலை இந்த மூன்றையும் ஒருசேர எண்ணுவதற்குப் பயன்பட்டால் உயிர்கள் மிஞ்சும். அதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. சீட்டு எழுதியதை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால், எவ்வளவு விலை உயர்ந்த கணினியாலும் பயனில்லை.

காஞ்சிபுரத்தை எடுத்துக்கொண்டால் சிக்கலின் உருவம் தெளிவாகத் தெரியும். 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது, 1965இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி அந்தப் பக்கம் போய்விட்டது. காஞ்சிபுரம், உத்திரமேரூர், வாலாஜாபாத், ஸ்ரீபெரும்புதூர், குன்றத்தூர் என்ற ஐந்து வட்டங்களோடு நிற்கும் இன்றைய மாவட்டத்தில் அரசுப் பொது மருத்துவமனைகளின் உச்சி மாவட்டத் தலைமை மருத்துவமனைதான். அதற்கு மேல் வேண்டுமானால் செங்கல்பட்டு, அல்லது சுமார் 75 கிலோமீட்டர் தள்ளிச் சென்னை. வரைபடத்தில் மாவட்ட எல்லை ஒரு மெல்லிய கோடு. நோயாளியின் காகிதங்களுக்கு அது பெரிய மதில். இதைவிட உயரமான மதில் ஒன்று துறைகளுக்கு இடையே இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையம் பொது சுகாதாரத் துறையின் கீழ் வருகிறது. வட்ட மருத்துவமனையும் தலைமை மருத்துவமனையும் மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள் இயக்ககத்தின் கீழ். மருத்துவக் கல்லூரி மருத்துவக் கல்வி இயக்ககத்தின் கீழ். கிராமத்திலிருந்து புறப்படும் ஒரே கர்ப்பிணி ஒரே இரவில் மூன்று இயக்ககங்களின் பதிவேடுகளைக் கடக்க நேரலாம். ஒவ்வொரு பதிவேடும் தன்னளவில் ஒழுங்காகவே இருக்கும். பிசகு நேர்வது அவை சேர வேண்டிய இடத்தில். காஞ்சிபுரத்து நெசவாளருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று நெய்யும் சேலையில் இரண்டும் கோர்வை பிடிக்கும் இடத்துக்குத்தான் கூடுதல் கையும் கூடுதல் நேரமும் தேவை. உடலும் கரையும் எவ்வளவு அழகாக இருந்தாலும், கோர்வை விட்டுப்போன சேலையை யாரும் வாங்க மாட்டார்கள்.

நம்மிடம் தரவு இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கர்ப்பம் உறுதியான நாளிலிருந்து ஒவ்வொரு தாய்க்கும் பிக்மி என்ற கர்ப்பகாலப் பதிவு எண் இருக்கிறது. 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் ஓடத் தொடங்கிய 108 ஆம்புலன்ஸ், எந்த நிமிடம் அழைப்பு வந்தது, எப்போது ஆளை ஏற்றியது, எங்கே இறக்கியது என்று குறித்துவைக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீடு வீடாகப் போய் யாருக்கு ரத்த அழுத்தம், யாருக்குச் சர்க்கரை என்று பதிந்துவைத்திருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் கோரிக்கைகளைப் பார்த்தால், எந்த ஊர்க்காரர் எந்த மருத்துவமனையில் என்ன அறுவை செய்துகொண்டார் என்பது தெரியும். இத்தனை இருந்தும், போன மாதம் உத்திரமேரூரிலிருந்து அனுப்பப்பட்ட இதய நோயாளிகளில் எத்தனை பேர் போய்ச் சேரவில்லை என்று கேட்டால் உடனே விடை வராது. காரணம், இந்தப் பதிவுகள் ஒன்றையொன்று அறியாதவை. லட்சுமி என்ற பெயரை ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதலாம். தலைப்பெழுத்து ஓரிடத்தில் முன்னால் வரும், ஓரிடத்தில் பின்னால் வரும். மணமான பெண்ணுக்கு அது தந்தையின் எழுத்தா கணவரின் எழுத்தா என்பது சீட்டு எழுதுபவரைப் பொறுத்தது. ஒரு செல்பேசி எண்ணை வீட்டில் நாலு பேர் கொடுத்திருப்பார்கள். 2021 செப்டம்பரில் மத்திய அரசு நாடு முழுவதும் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தின் 14 இலக்க எண் இந்தச் சிக்கலைத் தீர்க்க வந்ததுதான். ஆனால் அனுப்பும் இடமும் சேரும் இடமும் அதே எண்ணை எழுதினால்தான் அது நூலாகும். பகுப்பாய்வு என்ற பெரிய சொல்லுக்குள் முதலில் இருக்கும் வேலை இதுதான்: இரண்டு பதிவேடுகளில் இருக்கும் லட்சுமி ஒரே லட்சுமிதானா என்று கண்டுபிடிப்பது. கவர்ச்சியில்லாத வேலை. ஆனால் இதைச் செய்யாமல் மேலே கட்டும் எந்தக் கட்டடமும் நிற்காது.

சேர்த்துவிட்டால் என்ன தெரியும்? ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நானே எடுத்துக்கொண்டவை. ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் மாதத்தில் 100 பேருக்குச் சீட்டு எழுதுகிறது. 70 பேர் மேலே போய்ப் பதிவாகிறார்கள். அந்த 70 பேரில் 30 பேருக்கு அங்கே கிடைத்தது ரத்தப் பரிசோதனையும் மாத்திரையும் மட்டுமே. இரண்டையும் கீழேயே கொடுத்திருக்கலாம். இன்றைய பதிவேட்டில் இந்த நிலையத்தின் பக்கத்தில் இருப்பது "பரிந்துரை 100" என்ற ஒரே எண்தான். அந்த எண்ணைப் பார்த்து ஓர் அதிகாரி "ஏன் இவ்வளவு அனுப்புகிறீர்கள்?" என்று கேட்கலாம், இன்னொருவர் "நன்றாகக் கண்டுபிடிக்கிறீர்கள்" என்று பாராட்டலாம். இருவர் சொல்வதற்கும் ஆதாரம் இல்லை. கணக்கை இணைத்த பிறகோ இரண்டு உண்மைகள் எழுந்து வரும். 30 பேர் வழியில் காணாமல் போயிருக்கிறார்கள். இன்னும் 30 பேர் அவசியமில்லாமல் பயணம் செய்திருக்கிறார்கள். முதலாவதைத் தீர்க்கத் தேடிப்போக ஆள் வேண்டும். இரண்டாவதைத் தீர்க்கப் பரிசோதனைக் கருவியும் மருந்தும் கீழே இறங்கி வர வேண்டும். நோய்வாரியாக, கிழமைவாரியாக, ஊர்வாரியாகப் பிரித்துப் பார்த்தால் தீர்வு இன்னும் கூர்மையாகும். இவ்வளவுக்கும் செயற்கை நுண்ணறிவு தேவையில்லை. கூட்டல் கழித்தலே போதும்.

இது ஆகிற காரியமா என்று கேட்பவர்களுக்குத் தமிழ்நாடு காட்டக்கூடிய நல்ல விடை காசநோய் இறப்பில்லாத் திட்டம். சென்னையில் இருக்கும் தேசிய நோய்ப்பரவு இயல் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு, சென்னை நீங்கலான மாவட்டங்களில் 2022 ஏப்ரலில் அது தொடங்கியது. காசநோய்க்கு மருந்து இலவசம், ஆறு மாதத்தில் குணம் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் மருந்து தொடங்கிய முதல் இரண்டு மாதத்துக்குள்ளேயே பலர் இறந்துபோகிறார்கள். அவர்கள் வரும்போதே மிக மெலிந்து, மூச்சுவாங்கி, நிற்க முடியாமல் வந்தவர்கள். மாத்திரையைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்ப வேண்டியவர் யார், உடனே படுக்கையில் சேர்க்க வேண்டியவர் யார் என்று முதல் நாளே பிரிக்க முடிந்தால் இறப்பைத் தடுக்கலாம் என்பது திட்டத்தின் அடிப்படை. அதற்காக மருத்துவர்கள் நீண்ட படிவம் எதையும் தயாரிக்கவில்லை. உயரத்துக்கேற்ற எடை, காலில் வீக்கம், மூச்சின் வேகம், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, பிடிமானமின்றி நிற்க முடிகிறதா என்ற ஐந்தே கேள்விகள். எடைக்கருவியும் விரலில் மாட்டும் ஆக்சிஜன்மானியும் இருந்தால் எந்தச் சுகாதார நிலையத்திலும் சில நிமிடங்களில் முடியும். தீவிர நிலை என்று தெரிந்தவர் உள்நோயாளியாகச் சேர்க்கப்படும் மருத்துவமனைக்கு அனுப்பப்படுகிறார். சேர்ந்தாரா, எத்தனை நாளில் சேர்ந்தார் என்பது அதற்கென்றே அமைந்த இணையச் செயலியில் பதிவாகிறது. இந்தப் பின்பாதி இல்லாவிட்டால் முன்பாதி இன்னொரு படிவமாகவே முடிந்திருக்கும்.

அந்தச் செயலியில் 2025இல் இன்னொரு படி சேர்ந்தது. 2022 ஜூலை முதல் 2023 ஜூன் வரை அரசு நிலையங்களில் நோய் கண்டறியப்பட்ட ஏறத்தாழ 56,000 பேரின் பதிவுகளை வைத்து, ஒருவர் இறக்கும் சாத்தியம் எவ்வளவு என்று கணிக்கும் முறையை நோய்ப்பரவு இயல் நிறுவனம் உருவாக்கியது. தீவிர நிலையில் வந்தவர்களுக்கு அந்தச் சாத்தியம் 10 முதல் 50 விழுக்காடு வரை போகிறது. மற்றவர்களுக்கு 1 முதல் 4 விழுக்காடு. முன்பு "தீவிரம்" என்ற ஒரே சொல்லுக்குள் பத்துப் பேரில் ஒருவர் இறக்கக்கூடிய நிலையும், இரண்டு பேரில் ஒருவர் இறக்கக்கூடிய நிலையும் ஒன்றாகக் கிடந்தன. இப்போது முன்களப் பணியாளருக்கு யாருக்காக ஓட வேண்டும் என்று தெரிகிறது. இந்தப் படி ஏன் தேவைப்பட்டது என்பது இன்னும் பெரிய பாடம். தீவிர நோயாளிகள் மருத்துவமனையில் சேர ஆகும் சராசரி காலம் ஒரு நாள். கேட்பதற்கு நிறைவாக இருக்கும் எண். ஆனால் பதிவுகளைப் பிரித்துப் பார்த்தபோது, கால்வாசிப் பேர் வரை தாமதத்தில் சிக்கியதும், அது ஆறு நாள் வரை நீண்டதும் தெரிந்தது. சராசரியை மட்டும் பார்த்திருந்தால் அந்தக் கால்வாசிப் பேர் கண்ணில் பட்டிருக்க மாட்டார்கள். பரிந்துரைக் கணக்கைப் பார்ப்பவர் யாராயிருந்தாலும் சராசரியோடு நிறுத்தக் கூடாது. கடைசியாக வந்தவர் எத்தனை நாள் கழித்து வந்தார், வராமலே போனவர் யார் என்று கேட்க வேண்டும்.

இதய நோயில் கணக்கு நாளில் போவதில்லை, நிமிடத்தில் போகிறது. ரத்தக் குழாய் முழுக்க அடைபட்ட மாரடைப்பில் அடைப்பை எவ்வளவு சீக்கிரம் நீக்குகிறோமோ அவ்வளவு இதயத் தசை மிஞ்சும். குழாய்க்குள் கம்பியை விட்டுத் திறக்கும் கூடம் எல்லா ஊரிலும் இருக்காது. தமிழ்நாட்டில் இதய மருத்துவர்கள் 2012 முதல் 2014 வரை ஓர் ஏற்பாட்டை நடத்திப் பார்த்தார்கள். கூடம் உள்ள மருத்துவமனையை நடுவில் வைத்து, சுற்றியுள்ள சிறிய மருத்துவமனைகளை அதோடு இணைத்து நான்கு தொகுப்புகள் அமைத்தார்கள். சிறிய மருத்துவமனை இசிஜி எடுத்து உடனே மேலே அனுப்பும். கட்டியைக் கரைக்கும் மருந்தை அங்கேயே போட்டுவிடுவார்கள். பிறகு குறிப்பிட்ட மணி நேரத்துக்குள் நோயாளி பெரிய மருத்துவமனைக்கு வந்து சேர வேண்டும். 2,420 நோயாளிகளைக் கொண்ட இந்த ஆய்வு 2017இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதயவியல் இதழில் வெளிவந்தது. ஏற்பாட்டுக்கு முன் ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 விழுக்காடு, ஏற்பாட்டுக்குப் பின் 14.2. ரத்தக் குழாயைப் படமெடுத்துப் பார்க்கும் ஆஞ்சியோகிராம் கிடைத்தவர்கள் 35 விழுக்காட்டிலிருந்து ஏறக்குறைய 61ஆக உயர்ந்தார்கள். புது மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. முன்பே இருந்த மருந்தும் 108 வண்டியும் காப்பீட்டுத் திட்டமும் ஒரே நூலில் கோக்கப்பட்டன. ஒவ்வொரு கட்டத்துக்கும் எத்தனை நிமிடம் ஆனது என்று எழுதிவைத்து, எங்கே நேரம் வீணாகிறது என்று பார்த்தார்கள். 2023இல் அரசு கொண்டுவந்த இதயம் காப்போம் திட்டத்திலும் இந்தச் சிந்தனையின் சாயல் உண்டு. நெஞ்சுவலியோடு வருபவருக்கு முதல் தவணை மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுத்து, அதன் பிறகு மேலே அனுப்புகிறார்கள். வெறுங்கையோடு அனுப்புவதற்கும் இதற்கும் உள்ள தூரம் பெரிது.

தாய்மார்கள் விஷயத்தில் தமிழ்நாடு இதை முன்பே கற்றிருக்கிறது. 2001–03இல் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புக்கு 134ஆக இருந்த தாய் இறப்பு 2018–20இல் 54ஆகக் குறைந்தது. அவசர மகப்பேறு சிகிச்சை தரும் சீமாங்க் மையங்கள், ரத்த வங்கிகள், செவிலியர்கள், பெண் கல்வி என்று பல காரணங்கள் உண்டு. ஒன்றை மட்டும் பிரித்து மாலை போட முடியாது. ஆனால் ஒவ்வொரு தாய் இறப்பையும் எடுத்துவைத்து, வீட்டில் எவ்வளவு நேரம், வழியில் எவ்வளவு நேரம், மருத்துவமனை வாசலில் எவ்வளவு நேரம் போயிற்று என்று ஆராயும் வழக்கத்துக்கு அதில் பங்கு உண்டு என்பதில் எனக்கு ஐயமில்லை. பிக்மி பதிவிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. அந்த எண் இல்லாமல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித்தொகை வராது. குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அதைக் கேட்கிறார்கள். அதனால் தாயே எண்ணை நினைவில் வைத்திருக்கிறார், மாமியார் எடுத்துக் கொடுக்கிறார், செவிலியர் மறக்காமல் எழுதுகிறார். கொடுப்பவருக்கு ஏதாவது திரும்பக் கிடைக்கும்போது தரவு தானாக நிறைகிறது. பரிந்துரைச் சீட்டில் அப்படி ஒன்றுமில்லை. அதைக் கவனமாக எழுதும் மருத்துவருக்கு ஒரு பதிலும் வருவதில்லை. அதை எடுத்துப்போகும் நோயாளி அங்கே மறுபடியும் முதலிலிருந்து வரிசையில் நிற்கிறார். அப்படியிருக்க, சீட்டில் பாதி கட்டங்கள் காலியாக இருக்கிறதே என்று குறைப்படுவதில் நியாயமில்லை.

போகாதவர்கள் ஏன் போவதில்லை? "அலட்சியம்" என்ற சொல் மிகச் சுலபமாக வந்து விழுகிறது. காஞ்சிபுரத்தில் அந்தச் சொல்லைப் பயன்படுத்தும் முன் ஒரு தறிக்காரரின் கணக்கைப் பார்க்க வேண்டும். கூலி நாளுக்கு இல்லை, சேலைக்கு. ஒரு சேலை முடியப் பத்துப் பதினைந்து நாள் ஆகும். வேலை கூடினால் இன்னும் நீளும். கோர்வை போட இன்னொரு கை வேண்டும் என்பதால், ஒருவர் எழுந்து போனால் தறியே நின்றுவிடுகிறது. முதுகுவலிக்கோ பார்வை மங்கலுக்கோ சென்னைக்குப் போ என்று சீட்டு கொடுத்தால், ஒரு நாள் பயணம், ஒரு நாள் பரிசோதனை, முடிவு வாங்க மறுபடி ஒரு நாள். துணைக்கு வரும் மனைவியும் அதே தறியின் மறுபக்கம் உட்காருபவராக இருப்பார். இவர் போகாமலிருப்பது அலட்சியமல்ல, கணக்கு. அந்தக் கணக்கை மாற்றினால்தான் அவர் போவார். எந்தத் தெருக்களிலிருந்து எந்த நோய்க்கு வருகை குறைகிறது என்று பதிவுகள் காட்டிவிட்டால், நிபுணரை மாதம் ஒருமுறை அந்தப் பக்கம் வரவழைக்கலாம். எல்லாப் பரிசோதனையும் ஒரே நாளில் முடியும்படி தேதி கொடுக்கலாம். இசஞ்சீவனி போன்ற தொலை ஆலோசனையில் முடியக்கூடியதை அங்கேயே முடித்துவிடலாம். அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரத்தின் பொது மருத்துவமனை 2005இல் தொடங்கி இப்படி ஒன்றைச் செய்தது. ஏழைகளுக்கான அந்த மருத்துவமனையில் குடல் நோய்ப் பிரிவுக்குக் காத்திருப்பு மாதக்கணக்கில் இருந்தது. வரும் ஒவ்வொரு பரிந்துரையையும் நிபுணர் ஒருவர் முதலில் படிப்பார். தேவையானால் அனுப்பிய மருத்துவரிடம் ஒரு கேள்வி கேட்பார், அல்லது இந்த மருந்தைக் கொடுத்துப் பாருங்கள் என்று எழுதுவார், அல்லது உடனே அனுப்புங்கள் என்பார். அவசியமில்லாதவர்கள் வரிசையிலிருந்து விலக, அவசியமானவர்களுக்குக் காத்திருப்பு வெகுவாகக் குறைந்தது. அனுப்பியவரோடு ஒரு உரையாடல் தொடங்கியதே அங்கே நிகழ்ந்த மாற்றம்.

இதற்கெல்லாம் வலுவான மறுப்புகள் உண்டு. முதலாவது: மருத்துவர் இல்லை, கட்டில் இல்லை, கருவி இல்லை, எண்களைக் கூட்டிக் கழித்து என்ன ஆகப்போகிறது? இது பசப்பு வாதமல்ல. பகுப்பாய்வு ஒரு நரம்பியல் நிபுணரை உண்டாக்கிவிடாது. ஆனால் நிபுணர் வேண்டும் என்று கேட்கும் கோரிக்கை ஒவ்வொரு மாவட்டத்திலிருந்தும் போகிறது. அவற்றில் எது முந்த வேண்டும் என்று முடிவெடுக்க இன்று குரலின் உரமும் செல்வாக்கும் பயன்படுகின்றன. தலையில் அடிபட்டவர்களில் இத்தனை பேர் காஞ்சிபுரத்திலிருந்து அனுப்பப்பட்டார்கள், சென்னை போய்ச் சேர இத்தனை மணி நேரம் ஆனது, இத்தனை பேர் வழியில் இறந்தார்கள் என்று ஓராண்டுக் கணக்கை மேசையில் வைத்தால், அது மனுவைவிடப் பலமாகப் பேசும். 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிவைக்கப்பட்ட இன்னுயிர் காப்போம் திட்டம், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கித் தனியார் மருத்துவமனைகளையும் அதில் சேர்த்திருக்கிறது. அதன் பதிவுகளும் இந்தக் கணக்கில் சேர்ந்தால், பற்றாக்குறை எங்கே கழுத்தை நெரிக்கிறது என்பது மறைக்க முடியாததாகிவிடும். பற்றாக்குறை இருக்கிறது என்பதே கணக்கைத் தள்ளிப்போடக் காரணமாகாது. குறைவாக இருப்பதைத்தான் எண்ணிச் செலவழிக்க வேண்டும்.

இரண்டாவது மறுப்பை நான் இன்னும் அக்கறையோடு கேட்கிறேன், ஏனென்றால் அது கிராம சுகாதாரச் செவிலியரிடமிருந்து வருகிறது. தடுப்பூசிப் பதிவு, கர்ப்பிணிப் பதிவு, தொற்றா நோய்ப் பதிவு என்று ஏற்கெனவே எழுதுவதிலேயே அவருடைய நாளில் பெரும்பகுதி போய்விடுகிறது. இன்னொரு செயலியைக் கொடுத்தால் நோயாளியைத் தொட்டுப் பார்க்கும் நேரம்தான் குறையும். அவர் சொல்வது சரி. ஆகவே புதிய கட்டம் ஒன்றைக்கூடச் சேர்க்காமல், ஏற்கெனவே எழுதுவதை இணைப்பதே நேர்மையான வழி. காசநோய்த் திட்டம் ஐந்து கேள்விகளோடு நின்றதை மறுபடி நினைவுபடுத்த விரும்புகிறேன். இதோடு சேர்ந்த இன்னொரு அச்சமும் நியாயமானது: இந்த எண்களை வைத்துத் திட்டுவார்கள். அதிகம் அனுப்பும் நிலையத்துக்கு விளக்கம் கேட்டு ஓலை போனால், அடுத்த மாதம் அங்கே எண் குறையும். அனுப்ப வேண்டிய தாயை இன்னும் இரண்டு மணி நேரம் வைத்துப் பார்ப்போம் என்று மருத்துவர் தயங்குவார். அந்தத் தயக்கத்தில் ஓர் உயிர் போகலாம். குறைவாக அனுப்புவதும் அபாயமே என்பதை மேலிருப்பவர்கள் உணராதவரை, பரிந்துரை எண்ணிக்கையைத் தரவரிசைப் பட்டியலாக்கக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்கத் தயாரில்லை. பிழை தேடும் கண்ணோடு பார்க்கும் அதிகாரியின் கையில் நல்ல தரவும் பொய்த் தரவாக மாறிவிடும். எழுதுகிறவர்கள் தங்களைக் காத்துக்கொள்ளும்படி எழுதத் தொடங்கிவிடுவார்கள்.

கணினியின் கணிப்பை நம்பலாமா என்பது மூன்றாவது. 2019இல் சயன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு இங்கே எச்சரிக்கையாக நிற்கிறது. அமெரிக்காவில் யாருக்குக் கூடுதல் மருத்துவக் கவனிப்பு தேவை என்று தேர்ந்தெடுக்கப் பரவலாகப் பயன்பட்ட ஒரு மென்பொருள், நோயின் கடுமைக்குப் பதிலாக மருத்துவச் செலவை அளவுகோலாக வைத்திருந்தது. கறுப்பின நோயாளிகளுக்காகச் செலவழிக்கப்படும் பணம் குறைவு. ஆகவே அவர்கள் நோய் குறைந்தவர்கள் என்று அது முடிவுகட்டியது. அளவுகோலைத் திருத்தியபோது, கூடுதல் கவனிப்புக்குத் தேர்வானவர்களில் அவர்களின் பங்கு 17.7 விழுக்காட்டிலிருந்து 46.5 ஆக உயர வேண்டியிருந்தது. மருத்துவமனைக்கே வராதவர் பதிவேட்டில் ஆரோக்கியமானவராகத் தெரிவார்; இது நம் ஊருக்கும் பொருந்தும். தறியை விட்டு எழ முடியாதவரும், செங்கல் சூளையில் குடும்பத்தோடு தங்கியிருப்பவரும், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளுக்கு வெளிமாநிலத்திலிருந்து வந்தவரும் இந்தக் கணக்கின் இருட்டுப் பகுதியில் நிற்கிறார்கள். கோயில் நகரத்துக்கென்று இன்னொரு சிக்கலும் உண்டு. மக்கள்தொகைக் கணக்கை வைத்து இந்த ஊரின் தேவையை அளக்க முடியாது. வைகாசிக் கருட சேவை, பங்குனி உத்திரம் என்று வரும் கூட்டத்தை விடுங்கள். 2019இல் அத்திவரதர் எழுந்தருளிய 48 நாட்களில் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் வந்து போனார்கள். நெரிசலில் மயங்கியவர்களுக்கும் மூச்சுத் திணறியவர்களுக்கும் இந்த ஊரின் மருத்துவமனைதான் முதல் வாசல். பஞ்சாங்கம் தெரியாத மென்பொருள் அந்த நாட்களைப் பார்த்துத் திகைக்கும், அல்லது அவற்றைப் பிழை என்று ஒதுக்கிவிடும். கணிப்பு முறை எதுவானாலும் உள்ளூர்க்காரர்கள் உட்கார்ந்து சரிபார்க்காமல் அதை ஓடவிடக் கூடாது.

மறைகாப்பு பற்றிச் சிலர் எழுப்பும் கேள்வியும் வெறும் சட்ட நுணுக்கமல்ல. ஒரே தெருவில் இருபது தறி ஓடும் ஊரில், யார் வீட்டுப் பெண் எந்த மருத்துவமனைக்குப் போனாள் என்பது கல்யாணப் பேச்சு வரை போகும். 2023இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதைவிட எளிய ஒரு விதியை முதலில் வைக்கலாம்: மேலே போகும் அறிக்கையில் பெயரே இருக்கக் கூடாது, பெயர் தெரிய வேண்டியது, அந்த நோயாளிக்காக நடக்கப்போகிற ஒரே ஒரு பணியாளருக்குத்தான். இயக்குநருக்கு எண் போதும். செவிலியருக்குத்தான் முகவரி வேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், காரப்பேட்டையிலிருந்து என்பேன். இந்த ஊரில் பிறந்த அண்ணா புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற 1968 செப்டம்பரில் நியூயார்க் வரை போக வேண்டியிருந்தது. 1969 பிப்ரவரியில் அவர் மறைந்தார். அதே ஆண்டில் அவர் நினைவாக எழுந்த புற்றுநோய் மருத்துவமனை காஞ்சிபுரத்தின் விளிம்பிலேயே, காரப்பேட்டையில் இருக்கிறது. மற்ற நோய்களுக்குச் சென்னை தூரம், செங்கல்பட்டு வேறு மாவட்டம் என்று காரணம் சொல்லலாம். புற்றுநோய்க்கு மட்டும் உச்ச மருத்துவமனை நம் ஊருக்குள்ளேயே இருப்பதால் எல்லைச் சிக்கல் இல்லை. 2023 நவம்பரில் மாநில அரசு ஈரோடு, கன்னியாகுமரி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில், நோய்க்குறி தோன்றும் முன்பே மக்களை அழைத்து மார்பு, கருப்பைவாய், வாய்ப் புற்றுநோய்களுக்குப் பரிசோதிக்கும் திட்டத்தை முன்னோட்டமாகத் தொடங்கியது. ராணிப்பேட்டை நமக்குப் பக்கத்து மாவட்டம். இப்படிப்பட்ட பரிசோதனையில் ஐயம் என்று குறிக்கப்பட்ட பெண் அடுத்த கட்டத்துக்குப் போகாவிட்டால், பரிசோதித்ததே வீண். அவளுக்குப் பயம் மட்டும் மிஞ்சும். சிறிய அளவில் செய்து பார்க்க இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையம் சீட்டு எழுதும்போது ஓர் எண் கொடுக்கிறது. காரப்பேட்டை வாசலில் புறநோயாளிச் சீட்டு போடுபவர் அதே எண்ணைக் குறிக்கிறார். இரண்டும் இரவில் ஒருமுறை ஒப்பிடப்படுகின்றன. திங்கட்கிழமை காலையில் ஒவ்வொரு சுகாதார நிலையத்துக்கும் ஒரு சிறு பட்டியல் போகிறது. போன வாரம் நீங்கள் அனுப்பியவர்களில் இவர்கள் வந்தார்கள், இவர்களுக்கு இந்த முடிவு, இந்த மூன்று பேர் இன்னும் வரவில்லை. அந்த மூன்று வீடுகளும் எங்கே இருக்கின்றன என்று செவிலியருக்குத் தெரியும். அன்று மாலை தறிச் சத்தம் ஓயும் நேரம் பார்த்து அவர் கதவைத் தட்டுவார்.